கேமரா இல்லை, ரிவ்யூ இல்லை: ஊர் கிரிக்கெட்டில் அம்பயர் சண்டை வராமல் முடிவெடுப்பது எப்படி?

கடைசி பந்து. ஜெயிக்க 2 ரன் வேண்டும். பவுலர் ஓடி வந்து போடுகிறார், பேட்ஸ்மேன் தூக்கி அடிக்கிறார், லாங்-ஆனில் கேட்ச். பீல்டிங் டீம் கத்திக்கொண்டே ஓடி வருகிறது. அதே நேரம் பவுண்டரி பக்கமிருந்து ஒரு குரல்: "அண்ணே, கால் வெளிய போச்சு! நோ-பால் குடுங்க!"

இப்போது இரண்டு டீமும், சுற்றி நிற்கிற ஊரும் பார்ப்பது ஒரே ஒருவரைத்தான். அவரிடம் கேமரா இல்லை. டி.வி. அம்பயர் இல்லை. சில நேரம் விசில்கூட இல்லை.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வருகிற பொம்மையார்பாளையத்தில் தொடங்கி மரக்காணம் உப்பளங்கள் வரை, கோடை வந்துவிட்டால் டென்னிஸ் பால் கிரிக்கெட்டுக்குத் தனி மவுசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி, கல்லூரிக்கும் அதே சமயத்தில்தான் விடுமுறை. கையில் நேரம் இருக்கிறது, ஆட ஆள் இருக்கிறது. நல்ல அம்பயர்தான் கிடைப்பதில்லை.

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. 2023 ஏப்ரலில் ஒடிசாவின் கட்டாக் மாவட்டத்தில் நடந்த உள்ளூர் போட்டி ஒன்றில், ஒரு பந்து பற்றிய முடிவால் எழுந்த தகராறில் அம்பயராக நின்ற இளைஞர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். பரிசுக்கோப்பைக்காக ஆடிய ஒரு மேட்ச், ஒரு குடும்பத்தின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை "நீங்க நில்லுங்கண்ணே" என்று உங்களைக் கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும்? பார்க்கலாம்.

விதி என்ன சொல்கிறது?

கிரிக்கெட் விதிகளை எழுதுவதும் திருத்துவதும் லண்டனில் உள்ள எம்.சி.சி. மொத்தம் 42 விதிகள். 2017ல் புதிதாக எழுதப்பட்டு, 2022ல் மேலும் சில மாற்றங்கள் வந்தன. அதில் அம்பயர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவை நான்கு:

• அப்பீல் கேட்காமல் அவுட் கொடுக்கக் கூடாது. அவுட் என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும், பீல்டிங் டீமில் யாராவது கேட்டால்தான் விரலைத் தூக்க வேண்டும்.

• அப்பீலுக்கும் காலக்கெடு உண்டு. அடுத்த பந்துக்கு பவுலர் ஓடத் தொடங்கிவிட்டால், பழைய பந்துக்கான அப்பீல் செல்லாது.

• இன்னொரு அம்பயருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் என்றால் அவரிடம் கேட்கலாம். கேட்ட பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால், நாட் அவுட்.

• கொடுத்த முடிவை மாற்றலாம். ஆனால் உடனே மாற்ற வேண்டும். இரண்டு பந்து கழித்து யோசித்து மாற்றினால் அது முடிவு இல்லை, பஞ்சாயத்து.

டாஸுக்கு முந்தைய 10 நிமிடம்

ஊர் கிரிக்கெட்டில் வருகிற சண்டைகளில் பல, ஆட்டத்தின் நடுவே பிறப்பதில்லை. டாஸுக்கு முன் பேசாமல் விட்ட விஷயத்தில்தான் பிறக்கின்றன. "எங்க ஊர்ல இது அவுட் கிடையாது" என்று ஒருவர் சொல்ல, "எங்க ஊர்ல உண்டு" என்று இன்னொருவர் சொல்ல, அங்கேயே தீ பற்றிக்கொள்ளும்.

எனவே இரண்டு கேப்டனையும் ஒன்றாகக் கூப்பிட்டு நிற்க வையுங்கள். இவற்றைச் சத்தமாகப் பேசி முடியுங்கள்:

• பவுண்டரி எது? பவுண்டரி எல்லையை டாஸுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும் என்பது எம்.சி.சி. விதியே. கடல் அரிப்பால் மணல்வெளி குறுகிப்போன இடங்களில் ஒரு பக்கம் 30 அடி, மறுபக்கம் 60 அடி என்றுகூட இருக்கும். கயிறு, கல், கட்டுமரம், படகு எதுவானாலும் சரி, கையால் காட்டிச் சொல்லுங்கள்.

• பந்து கடலுக்குள் போனால்? பந்து தொலைந்தால் அல்லது எடுக்க முடியாமல் போனால் அம்பயர் "டெட் பால்" சொல்ல வேண்டும் என்பது பொது விதி. அலைக்கு அந்தப் பக்கம் விழுந்தால் 4 ரன்னா, 6 ரன்னா, அவுட்டா என்பது உங்கள் ஊர் ஒப்பந்தம்.

• எல்.பி.டபிள்யூ உண்டா? பெரும்பாலான டென்னிஸ் பால் மேட்ச்களில் கிடையாது. கிடையாது என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

• வைடு கோடு எங்கே? மட்டையால் மணலில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

• இடுப்புக்கு மேல் வருகிற ஃபுல் டாஸ் நோ-பால். இது எம்.சி.சி. விதியிலும் உண்டு.

• கையை மடக்கி எறிந்தால்? "மாங்கா அடிக்கிறான்" என்று நடுவில் கத்துவதைவிட, யார் சொன்னால் நோ-பால் என்பதை முன்பே முடிவு செய்வது நல்லது.

• டை ஆனால்? மழை வந்தால்? பாதி ஆளோடு ஒரு டீம் வந்தால்?

பிட்ச் போடுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கிரிக்கெட் பிட்ச்கள் பொதுவாக வடக்கு–தெற்காகவே இருக்கும். காலையிலும் மாலையிலும் தாழ்வாக நிற்கிற சூரியன் பேட்ஸ்மேன் கண்ணிலோ அம்பயர் கண்ணிலோ நேராக அடிக்கக் கூடாது என்பதற்காக. நம் கடற்கரையும் ஏறக்குறைய வடக்கு–தெற்காகவே ஓடுகிறது. கரைக்கு இணையாக பிட்ச் போட்டால் போதும், வேலை முடிந்தது.

அம்பயராக யார் நிற்பது?

பேட்டிங் டீமில் அவுட்டாகி வந்தவரோ, இன்னும் இறங்காதவரோ அம்பயராக நிற்பதுதான் வழக்கம். ஆள் இல்லாத குறைக்கு அது சரி. ஆனால் தன் டீம் ஆளுக்கே அவுட் கொடுக்க வேண்டிய சங்கடத்தை அவர் தலையில் கட்டுகிறோம். கொடுத்தால் சொந்த டீம் திட்டும். கொடுக்காவிட்டால் எதிர் டீம் "அழுகுணி ஆட்டம்" என்று சொல்லும்.

இது ஊர்ப் பிரச்சினை மட்டுமே என்று நினைக்க வேண்டாம். டெஸ்ட் கிரிக்கெட்டிலேயே நெடுங்காலம் சொந்த நாட்டு அம்பயர்கள்தான் நின்றார்கள், சந்தேகமும் கூடவே இருந்தது. 1986ல் லாகூரில் நடந்த பாகிஸ்தான் – மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்டில், சந்தேகமே வரக் கூடாது என்று இந்திய அம்பயர்கள் வி.கே.ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் இருவரையும் நிறுத்தினார்கள். 1994 முதல் ஒவ்வொரு டெஸ்டிலும் ஒரு அம்பயர் வெளிநாட்டவராக இருக்க வேண்டும் என்றானது. இருவருமே வெளிநாட்டவர் என்பது 2002ல்தான் வந்தது.

உலக கிரிக்கெட் பல ஆண்டுகள் எடுத்துக் கண்டுபிடித்த தீர்வு, ஊரில் ரொம்பச் சுலபம். டோர்னமென்ட்டில் அன்று மேட்ச் இல்லாத மூன்றாவது டீமிலிருந்து இரண்டு பேரை நிறுத்துங்கள். ஒருவர்தான் கிடைக்கிறார் என்றால் அவர் பவுலர் பக்கம் நிற்கட்டும். ஸ்கொயர் லெக்கில் பேட்டிங் டீம் ஆள் நிற்கலாம். அவர் பார்க்க வேண்டியது அந்தப் பக்க ரன்-அவுட்டும் ஸ்டம்பிங்கும் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது?

நோ-பால்: பவுலரின் முன்கால் தரையில் பதியும் நொடியில், காலின் ஏதாவது ஒரு பகுதி கிரீஸ் கோட்டுக்குப் பின்னால் இருந்தால் போதும். குதிகால் தூக்கியபடி இருந்தாலும், கோட்டுக்குப் பின்னால் இருந்தால் நல்ல பந்துதான். கால் பதிந்த பிறகு முன்னால் வழுக்கினால் நோ-பால் இல்லை. மணலில் இது அடிக்கடி நடக்கும். முதலில் காலைப் பாருங்கள், பிறகு பந்தைப் பாருங்கள். நோ-பால் என்றால் உடனே சத்தமாகச் சொல்லுங்கள்.

இது சொல்வதற்குச் சுலபம், செய்வதற்குக் கஷ்டம். 2019 ஐ.பி.எல்லில் பெங்களூரு – மும்பை மேட்ச்சின் கடைசி பந்தில் மலிங்கா கோட்டைத் தாண்டியது அம்பயர் கண்ணில் படவில்லை. "இது கிளப் கிரிக்கெட் இல்லை" என்கிற அர்த்தத்தில் கோலி கோபப்பட்டார். அடுத்த ஆண்டு முதல் முன்கால் நோ-பாலைப் பார்க்கும் வேலை டி.வி. அம்பயருக்குப் போனது. தேர்ந்த அம்பயருக்கே தப்பிய பந்து அது. ஊரில் நிற்கிறவர் ஒன்றிரண்டு தவறவிடுவார் என்பதை இரண்டு டீமும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால்தான் விளையாட முடியும்.

ரன்-அவுட்: ஸ்டம்புக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு ரன்-அவுட் பார்க்க முடியாது. பந்து அடிக்கப்பட்டதும் பக்கவாட்டில் ஓடி, கிரீஸ் கோடு உங்கள் கண்ணுக்கு நேர்க்கோடாகத் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். மட்டை கோட்டின் மேல் இருந்தால் போதாது, கோட்டைத் தாண்டி உள்ளே இருக்க வேண்டும். கோட்டில் இருந்தால் அவுட். ஓடி வரும்போதோ டைவ் அடிக்கும்போதோ மட்டை ஒருமுறை உள்ளே தரையைத் தொட்டு, பிறகு துள்ளி மேலே எழும்பிவிட்டால் அவுட் இல்லை. 2017ல் வந்த மாற்றம் இது. பல ஊர்களில் இன்னும் பழைய விதியை வைத்தே அவுட் கொடுக்கிறார்கள்.

எல்.பி.டபிள்யூ: ஐந்து கேள்விகளை இதே வரிசையில் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல பந்தா? லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆகவில்லையா? மட்டையில் முதலில் படவில்லையா? ஸ்டம்ப் நேரே காலில் பட்டதா, அல்லது ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே என்றால் ஷாட் ஆட முயலாமல் விட்டாரா? ஸ்டம்பில் பட்டிருக்குமா? ஐந்துக்கும் பதில் "ஆமா" என்றால் மட்டும் விரல். ஒன்றில் தயக்கம் வந்தாலும் நாட் அவுட்.

நாய், மாடு, ஆள்: பந்து ஓடும்போது நாய் குறுக்கே வந்தால்? எந்த டீமுக்கு அதனால் பாதிப்பு வந்தாலும் "டெட் பால்" சொல்லலாம் என்று 2022 மாற்றத்தில் விதி தெளிவாகிவிட்டது. மைதானத்துக்குள் ஓடி வருகிற ரசிகருக்கும் இது பொருந்தும்.

பந்து எண்ணிக்கை: "அண்ணே, இன்னும் ஒரு பந்து இருக்கு" என்ற சத்தம் எல்லா ஓவரிலும் வரும். சட்டைப் பையில் 6 கூழாங்கல்லோ சிப்பியோ போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பந்துக்கு ஒன்று அடுத்த பைக்குப் போகட்டும். மனக்கணக்கை நம்ப வேண்டாம்.

சண்டை வந்தால்?

அம்பயரைத் திட்டினால், மிரட்டினால் என்ன செய்வது என்பதற்கு முன்பு விதியில் தெளிவான தண்டனை இல்லை. 2017ல் வந்த 42வது விதி அதை நான்கு படிகளாகப் பிரித்தது:

• முதல் படி: முடிவை ஏற்காமல் முறைப்பது, மோசமான வார்த்தை. முதல் தடவை எச்சரிக்கை. மறுபடி நடந்தால் எதிர் டீமுக்கு 5 ரன்.

• இரண்டாம் படி: அதைவிடத் தீவிரமானது. நேரடியாக 5 ரன்.

• மூன்றாம் படி: சொல்லாலோ சைகையாலோ அம்பயரை மிரட்டுவது. 5 ரன்னுடன், ஓவர் கட்டுப்பாடு உள்ள மேட்ச்சில் ஐந்தில் ஒரு பங்கு ஓவர்களுக்கு அந்த ஆள் வெளியே.

• நான்காம் படி: அடிப்பேன் என்று அம்பயரை மிரட்டுவது, யார் மீதாவது கை வைப்பது. 5 ரன்னுடன், மேட்ச் முடியும் வரை வெளியே.

வெளியே அனுப்புகிற வேலை அம்பயருடையது இல்லை என்பதுதான் இதில் முக்கியமானது. அம்பயர் கேப்டனிடம் சொல்வார், கேப்டன்தான் தன் ஆளை அனுப்ப வேண்டும். கேப்டன் மறுத்தால் மேட்ச்சையே எதிர் டீமுக்குக் கொடுக்கும் அதிகாரம் அம்பயர்களுக்கு உண்டு.

ஊரிலும் இதையே பின்பற்றலாம். கத்துகிற 10 பேருக்கும் பதில் சொல்லாதீர்கள். "கேப்டன் மட்டும் வாங்க" என்று கூப்பிடுங்கள். மெதுவான குரலில், ஒரே வாக்கியத்தில் காரணம் சொல்லுங்கள்: "கால் உள்ள இருந்துச்சு, நல்ல பந்து." விவாதம் வேண்டாம். கூட்டம் உள்ளே இறங்கிவிட்டால், அல்லது கையில் ஏதாவது எடுத்துவிட்டால், ஸ்டம்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மேட்ச்சை நிறுத்துங்கள். கோப்பையை அடுத்த வாரம்கூட ஜெயிக்கலாம்.

சின்னப் பசங்க மேட்ச் என்றால்?

10, 12 வயதுப் பிள்ளைகளின் மேட்ச்சில் அம்பயர் பாதி வாத்தியார். நோ-பால் சொல்லிவிட்டுச் சும்மா நிற்காதீர்கள். "கால் இங்க வந்துச்சு பாரு" என்று கோட்டைக் காட்டுங்கள். அடுத்த ஓவரில் அவனே சரிசெய்துகொள்வான். லெதர் பால் என்றால் ஹெல்மெட் இல்லாமல் பேட்டிங்கோ கீப்பிங்கோ வேண்டாம். மே மாத வெயிலில் சில ஓவருக்கு ஒருமுறை தண்ணீருக்கு நிறுத்துங்கள். இடிச் சத்தம் கேட்டால் உடனே எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள். கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஆட வேண்டும். திறந்த கடற்கரையில் உயரமாக நிற்பது நீங்களும் பிள்ளைகளும்தான்.

இன்னொன்று, வெளியே நிற்கிற அப்பாக்கள். பிள்ளைகள் முடிவை ஏற்றுக்கொண்டு அடுத்த பந்துக்குப் போய்விடுவார்கள். பெரியவர்கள்தான் போக மாட்டார்கள். அவர்களுக்கும் டாஸுக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பேஸ்பாலில் எப்படி?

கிரிக்கெட்டின் தூரத்துச் சொந்தமான பேஸ்பாலில் அம்பயருக்கு வேலை இன்னும் அதிகம். பந்து பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால் முகமூடி, மார்புக் கவசம் போட்டு நிற்கிற அம்பயர், பேட்டர் அடிக்காமல் விடுகிற ஒவ்வொரு பந்தையும் "ஸ்ட்ரைக்"கா "பால்"ஆ என்று சொல்ல வேண்டும். பேட்டரின் தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் தொடங்கி, முழங்காலுக்குக் கீழ் வரை உள்ள கற்பனைப் பெட்டிதான் ஸ்ட்ரைக் எல்லை. பேட்டரின் உயரத்துக்கு ஏற்ப அது மாறும். ஒவ்வொரு பந்துக்கும் எல்.பி.டபிள்யூ முடிவு சொல்வது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் பெரிய லீக்கான எம்.எல்.பி.யில் 2025 ஆகஸ்டில் ஜென் பாவல் முதல் பெண் அம்பயராக நின்றார். ஸ்ட்ரைக் முடிவை எதிர்த்து கேமராவிடம் முறையிடும் முறைக்கு 2026 சீசனுக்காக ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அங்கும் பள்ளிப் பிள்ளைகள் ஆட்டத்தில் கேமரா கிடையாது. ஒன்றிரண்டு அம்பயர்கள்தான். நம் ஊர் மைதானத்தில் இருக்கிற அதே நிலைமை.

அம்பயர் ஆக ஆசையா?

பொம்மையார்பாளையம் விழுப்புரம் மாவட்டத்தில் வருகிறது, அதாவது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் எல்லை. பக்கத்திலேயே இருக்கிற புதுச்சேரிக்குத் தனி சங்கம் உண்டு. அதன் டீம் 2018–19 சீசனில் ரஞ்சிக் கோப்பைக்கு வந்தது. லீக் மேட்ச்களில் அம்பயராக நிற்க மாவட்ட சங்கத்தை அணுகி, மாநில சங்கம் நடத்தும் தேர்வை எழுதலாம். அதற்கு மேல் பி.சி.சி.ஐ. தேர்வு.

தேர்வு சுலபம் இல்லை. மகளிர், ஜூனியர் போட்டிகளுக்கான அம்பயர்களைத் தேர்ந்தெடுக்க 2022ல் அகமதாபாத்தில் பி.சி.சி.ஐ. நடத்திய தேர்வில் சுமார் 140 பேர் கலந்துகொண்டார்கள். தேறியது 3 பேர். அதில் வந்த ஒரு கேள்வி: மரத்தின் நிழலோ பீல்டரின் நிழலோ பிட்ச்சில் விழுகிறது, பேட்ஸ்மேன் புகார் சொல்கிறார். என்ன செய்வீர்கள்? பதில்: மரத்தின் நிழலைக் கண்டுகொள்ள வேண்டாம். பீல்டரை அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும். அசைந்தால் "டெட் பால்".

நம் மாநிலத்துக்கு இதில் நல்ல பெயர் உண்டு. இந்தியாவுக்காக 57 டெஸ்ட் ஆடிய சென்னைக்காரர் எஸ்.வெங்கட்ராகவன், பிறகு 73 டெஸ்ட்டுகளில் அம்பயராக நின்றார். சென்னையைச் சேர்ந்த என்.ஜனனி சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு அம்பயரிங்குக்கு வந்தவர். 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் நின்ற முதல் பெண் அம்பயர்கள் மூவரில் அவரும் ஒருவர். அதே ஆண்டு மகளிர் டி20 உலகக் கோப்பையிலும் நின்றார்.

சரி, அந்தக் கடைசி பந்து?

இப்போது மறுபடி அங்கே போவோம். கேட்ச் பிடித்தாகிவிட்டது. "நோ-பால்!" என்று வெளியிலிருந்து கத்துகிறார்கள். நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

பந்து போடும்போது காலைப் பார்த்தீர்களா? பார்த்தீர்கள். கோட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இருந்ததா? இருந்தது, அதனால்தான் நீங்கள் கூப்பிடவில்லை. பீல்டிங் டீம் அப்பீல் கேட்டுவிட்டது. பவுண்டரியில் நிற்கிறவர் 60 அடி தள்ளிப் பக்கவாட்டிலிருந்து பார்த்தவர், நீங்கள் நேர் பின்னால் நின்றவர். விரலைத் தூக்குங்கள். கேப்டனைக் கூப்பிட்டு ஒரே வாக்கியம் சொல்லுங்கள். ஸ்டம்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடங்கள்.

காலைப் பார்க்கவே இல்லை என்றால்? அதை மறைக்காமல் அடுத்த அம்பயரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால், கூப்பிடாத நோ-பாலைக் கூட்டம் கத்துகிறது என்பதற்காகக் கூப்பிடாதீர்கள். இன்று ஒரு டீமுக்கு வருத்தம் இருக்கும். சத்தம் போட்டால் முடிவு மாறும் என்று ஊர் தெரிந்துகொண்டால், அடுத்த ஞாயிறு முதல் எல்லா டீமும் சத்தம்தான் போடும்.